நெருக்கம் வேறு, நெரிசல் வேறு

(மூன்றாம் ஆண்டு அமைப்பியல் மாணவர் ஒருவரின் கருத்து)



மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று பேரவைத் தோழர்கள் கேட்டபோது, "காதலைப் பத்தி எழுதுடா, எல்லாரும் படிப்பாங்க" என்றான் பக்கத்து பெஞ்ச் நண்பன். காதலைப் பற்றி எழுத இந்த மலரில் இருபது பேர் இருக்கிறார்கள். நான் வீட்டைப் பற்றி எழுதுகிறேன். சிவில் படிக்கிறவன் வீட்டைப் பற்றி எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பார்கள். எங்கள் அப்பா இருபத்தைந்து வருடமாக வீடு கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். எல்லாம் அடுத்தவர் வீடு. அவர் கொத்தனார். அம்மா மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனாலோ என்னவோ, வகுப்பில் படிக்கிற ஒவ்வொன்றையும் எங்கள் வீட்டில் நடந்ததோடு சேர்த்து வைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அப்படிப் பார்த்தபோது கிடைத்த ஒரு கணக்கைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். கணக்கு என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்! இதில் கூட்டலும் வகுத்தலும் தவிர வேறொன்றும் இல்லை.

ஒரு கிரவுண்டு, ஐந்து குடித்தனம்

அயனாவரத்தில் ஒரு முப்பது அடித் தெரு. அதில் நாற்பதுக்கு அறுபது மனை, அதாவது 2400 சதுர அடி, நம் சென்னைக் கணக்கில் சரியாக ஒரு கிரவுண்டு. அதில் ஒரு பழைய ஓட்டு வீடு. நடுவில் நடை, இரண்டு பக்கமும் போர்ஷன்கள். மொத்தம் ஐந்து. ஒரு அறை, ஒரு சின்னச் சமையலறை, அவ்வளவுதான் ஒரு போர்ஷன். பின்னால் ஒரு அடி பம்பு, ஒரு குளியலறை, இரண்டு கக்கூஸ். ஐந்து குடும்பத்தில் இருபத்து மூன்று பேர். இதற்குத்தான் நம் ஊரில் ஒண்டுக்குடித்தனம் என்று பெயர். நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான்.

அந்த வாழ்க்கையைப் புகழ்ந்து கதை அளக்க எனக்கு விருப்பம் இல்லை. காலையில் கக்கூஸுக்கு வரிசை. ராத்திரி ஒரு வீட்டில் சண்டை வந்தால் நாலு வீட்டுக்கும் தூக்கம் போச்சு. பரீட்சை நேரத்தில் தெரு விளக்கின் கீழ் உட்கார்ந்துதான் படித்தேன். ஒரு போர்ஷன் சுமார் 180 சதுர அடி. ஐந்துக்கும் சேர்த்து 900. இருபத்து மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 39 சதுர அடி. ஒரு கட்டில் போட்டால் பாதிக்கு மேல் போய்விடும். இதுதான் நெரிசல்.

ஆனால் அம்மா வேலை பார்த்த மூன்று வீடும் நடந்து போகிற தூரம். அப்பாவை வேலைக்கு எடுக்கிற முச்சந்தி ஐந்து நிமிடம். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எல்லாம் கால் தூரத்தில். ஜுரம் என்றால் பக்கத்து போர்ஷன் ஆயா கஷாயம் வைத்துக் கொடுக்கும்.

2022-ல் வீட்டுக்காரப் பெரியவர் காலமானார். மகன்கள் இரண்டு பேர். பிரித்துக்கொள்ள வேறு வழி இல்லாமல் ஒரு பில்டரிடம் ஜாயின்ட் வென்ச்சருக்குக் கொடுத்தார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஓடு ஒழுகுகிறது, சுவர் இறங்குகிறது, இன்னும் பத்து வருடம் அந்த வீடு தாங்காது என்று அப்பாவே சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று மாதம் டைம் கொடுத்தார்கள். கையில் எழுத்து எதுவும் இல்லை. வாடகைக்கு எழுத்துபூர்வமான ஒப்பந்தம் கட்டாயம் என்று 2019 பிப்ரவரியிலேயே புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் எங்கள் தெருவில் அன்றும் இன்றும் வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம்.

அயனாவரத்திலேயே வீடு தேடினோம். அதே அளவு போர்ஷனுக்கு ஏழாயிரம் வாடகை, பத்து மாத அட்வான்ஸ் எழுபதாயிரம். எங்களுக்குத் திரும்பி வந்த அட்வான்ஸ் இருபதாயிரம். சில இடங்களில் வாடகையைச் சொல்வதற்கு முன்பே "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள். கடைசியில் திருநின்றவூர் தாண்டி ஒரு வீடு கிடைத்தது. நாலாயிரம் வாடகை. தனிக் கக்கூஸ் உண்டு, வாசலில் ஒரு தென்னை மரம் உண்டு. மற்ற நாலு குடும்பமும் செங்குன்றம், திருமழிசை, மீஞ்சூர் என்று திசைக்கு ஒன்றாகப் போனது. கஷாயம் வைத்துக் கொடுத்த ஆயாவை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

உயர்ந்தது கட்டடம், குறைந்தது ஆள்

கட்டடம் முடிகிற சமயத்தில் பூச்சு வேலைக்கு ஆள் பற்றாமல் மேஸ்திரி அப்பாவைக் கூப்பிட்டார். பதினாலு நாள் அங்கே வேலை பார்த்தார். வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஹால் மட்டும் நம்ம போர்ஷன் ரெண்டு அடங்கும்டா."

கீழே கார் நிறுத்தும் இடம், மேலே நாலு மாடி. மாடிக்கு ஒரு ஃபிளாட், ஒவ்வொன்றும் 1200 சதுர அடி. மொத்தம் 4800. இது எப்படி வந்தது என்று மற்ற துறை நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதற்கு எஃப்.எஸ்.ஐ. என்று ஒரு அளவு உண்டு. தளப்பரப்புக் குறியீடு என்று தமிழில் சொல்வார்கள். மனையின் பரப்பை அந்த எண்ணால் பெருக்கினால் கட்டக்கூடிய மொத்தத் தளப்பரப்பு வரும். தமிழ்நாட்டில் உயரமில்லாத சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்த இந்த எண்ணை, 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2 ஆக உயர்த்தின. 2400-ஐ 2-ஆல் பெருக்கினால் 4800. அவ்வளவுதான் விஷயம்.

இப்போது அங்கே யார் இருக்கிறார்கள்? முதல் மாடியில் மூத்த மகன் குடும்பம், நாலு பேர். இரண்டாவது இளைய மகனுடையது. அவர் வெளிநாட்டில் இருக்கிறார், வீடு பூட்டியிருக்கிறது. மூன்றாவது மாடியில் விலைக்கு வாங்கிய ஒரு குடும்பம், மூன்று பேர். நாலாவதை யாரோ முதலீட்டுக்காக வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அதுவும் பூட்டுதான். ஆக மொத்தம் ஏழு பேர்!

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். தளப்பரப்பு 900-லிருந்து 4800 ஆனது. ஐந்து மடங்குக்கும் மேல். ஆனால் ஆள் எண்ணிக்கை இருபத்து மூன்றிலிருந்து ஏழு. தெருவில் போகிற எவரும் அண்ணாந்து பார்த்து, "அயனாவரம் எவ்ளோ நெருக்கமாயிடுச்சு பாரு" என்பார்கள். உண்மையில் அந்த மனை காலியாகியிருக்கிறது.

எனவேதான் சொல்கிறேன், நெருக்கம் வேறு, நெரிசல் வேறு. ஒரு ஏக்கரில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பது நெருக்கம். ஒரு அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பது நெரிசல். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நெரிசலைப் பார்த்து முகம் சுளித்து, நெருக்கத்தைத் துரத்துகிறோம்.

என் பிளான்

இரண்டாம் ஆண்டில் கட்டட வரைபடம் வரையச் சொன்னபோது நான் அதே மனையைத்தான் எடுத்துக்கொண்டேன். அதே நாலு மாடி, அதே 4800 சதுர அடி, தரையில் பாதி இடம் திறந்தவெளி. ஒரு மாற்றம்தான். மாடிக்கு ஒரு வீட்டுக்குப் பதில் இரண்டு வீடு. சுவர், படிக்கட்டு, நடை என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தேன். மிச்சம் 3840. அதை எட்டால் வகுத்தால் வீட்டுக்கு 480 சதுர அடி. ஒரு ஹால், ஒரு படுக்கை அறை, சமையலறை, குளியலறை, கக்கூஸ். வீட்டுக்கு நாலு பேர் என்றால் முப்பத்திரண்டு பேர். ஆளுக்கு 120 சதுர அடி.

பழைய கணக்கில் 39, இப்போது 120. மூன்று மடங்கு இடம்! அதுவும் பழைய ஐந்து குடும்பத்தையும் வைத்துக்கொண்டு, புதிதாக மூன்று குடும்பத்துக்கும் இடம் கொடுத்த பிறகு. நெருக்கம் கூடியது, நெரிசல் குறைந்தது. இதற்கு எந்த விதியையும் மீற வேண்டாம், ஒரு செங்கல்லைக்கூட அதிகமாக அடுக்க வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வரைபடத்தைப் பார்த்த எங்கள் விரிவுரையாளர் சிரித்துக்கொண்டே, "எட்டு கிச்சன், எட்டு டாய்லெட்டுக்கு பிளம்பிங் யார் அப்பன் வீட்டுக் காசு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். குழாயும் டைல்ஸும் உட்சுவரும் கூடும். பில்டருக்குச் சதுர அடி விலை ஒன்றுதான். எட்டுப் பேரிடம் விற்பதைவிட நாலு பேரிடம் விற்பது சுலபம். வங்கிக் கடன் என்று போனால் சம்பளச் சீட்டு கேட்பார்கள், எங்கள் அப்பாவிடம் அது கிடையாது. ஆக, சந்தையை அதன் போக்கில் விட்டால் நாலு பெரிய வீடுதான் வரும். எட்டுச் சின்ன வீடு வர வேண்டுமென்றால் யாராவது கொஞ்சம் தள்ளிவிட வேண்டும்.

தூரத்துக்கு யார் விலை கொடுப்பது?

சென்னை சின்ன ஊராகவா இருக்கிறது? சுமார் 175 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 2011-ல் 426 ஆனது. பெருநகரத் திட்டப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. அதை 5,904 ஆக விரிக்க 2022-ல் அரசாணை வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பழைய சென்னைக்குள் சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர் இருந்தார்கள். ஏற்கெனவே இத்தனை நெருக்கம், இதற்கு மேல் எங்கே திணிப்பது என்று கேட்பார்கள். அதே தெருவில் பூட்டிய ஃபிளாட்டையும் முள் மண்டிய மனையையும் கண்ணால் பார்க்கிற எனக்கு அந்தக் கேள்வி முழுசாகப் புரிவதில்லை. 2011 கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் ஒரு கோடியே பத்து லட்சம் வீடுகள் காலியாக இருந்தன. அதற்கு அடுத்த வருடம் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு நகரங்களில் வீட்டுப் பற்றாக்குறை ஒரு கோடியே எண்பத்தேழு லட்சம் என்று கணக்கிட்டது. பற்றாக்குறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் குறைந்த வருமானக்காரர்களுக்கு. காலி வீடும் இருக்கிறது, வீடில்லாதவனும் இருக்கிறான். இரண்டும் ஒரே நகரத்தில்!

எங்கள் அத்தை குடும்பம் கூவக் கரையில் இருந்தது. 2017-ல் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அங்கே இருக்கின்றன. அதற்கு முன்பே 2000-லிருந்து கண்ணகி நகர், 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி என்று தெற்கே வரிசையாக வந்துவிட்டது. பெரும்பாக்கத்தில் எட்டு மாடி, லிஃப்ட், கட்டடத்துக்குக் கட்டடம் பக்கத்தில் பக்கத்தில். இதுவும் நெருக்கம்தானே? ஏழைகளை அடுக்கடுக்காக வைப்பது சரி என்றால், அதை அவர்கள் வேலை பார்க்கிற ஊருக்குள்ளேயே செய்யக் கூடாதா? உள்ளே நிலம் விலை அதிகம் என்பார்கள். உண்மைதான். ஆனால் வெளியே மிச்சம் பிடிக்கிற காசை யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அத்தை பஸ்ஸில் கொடுத்தது. அத்தை மகன் ஒன்பதாம் வகுப்போடு நின்று கொடுத்தான்.

நாங்கள் கொடுப்பதையும் சொல்கிறேன். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து யூனிட் வண்டி, பெரம்பூர் லோகோவில் இறங்கி நடை. ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம். போக வர மூன்று. மாதம் இருபத்தைந்து நாளுக்கு எழுபத்தைந்து மணி நேரம். எட்டு மணி வேலைக் கணக்கில் ஒன்பது நாள்! அம்மா மாதத்தில் ஒன்பது நாளை ரயிலுக்குக் கொடுக்கிறார். காலை ஆறு மணிக்கு வரச் சொன்ன ஒரு வீட்டு வேலை கைவிட்டுப் போய்விட்டது. அப்பா முச்சந்திக்கு எட்டு மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தால் ஆள் எடுத்து முடித்திருப்பார்கள். திருநின்றவூர் வீட்டில் ஆயிரம் வசதி இருக்கலாம். அதில் இருக்க எங்களுக்கு நேரம் இல்லை.

இன்னொரு விலையும் இருக்கிறது. அதை ஏரிகள் கொடுக்கின்றன. சென்னை வெளியே வளரும்போதெல்லாம் தண்ணீரின் இடத்தில்தான் வளர்ந்திருக்கிறது. இன்றைய தியாகராய நகரே 1920-களில் மயிலாப்பூரின் நீண்ட ஏரியை வற்ற வைத்து எழுந்த ஊர். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பெரும்பகுதியைப் பறிகொடுத்த பிறகு 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2015 வெள்ளத்தில் தண்ணீர் தன் பழைய முகவரியைத் தேடி வந்ததை எல்லோரும் பார்த்தோம். எங்கள் திருநின்றவூர் வீட்டு வாசலிலும் ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஒரு காலத்தில் அது ஏரிப் பாசன வயல். ஊருக்குள்ளே ஒரு குடும்பத்துக்கு இடம் இல்லை என்று சொல்கிற ஒவ்வொரு தடவையும், வெளியே ஒரு வயலுக்கோ ஏரிக்கோ நாள் குறிக்கிறோம்.

எதிர்க்கட்சி நண்பர்களுக்கு

விவாதம் என்றால் எதிர்த் தரப்பையும் கேட்க வேண்டும். ஹாஸ்டல் நண்பர்களிடம் இதைப் பேசியபோது மூன்று கேள்விகள் வந்தன.

முதல் கேள்வி, தண்ணீருக்கும் சாக்கடைக்கும் எங்கே போவது? 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை மறக்க முடியுமா? முடியாது. ஆனால் அந்த முப்பத்திரண்டு பேரும் எங்கே இருந்தாலும் தண்ணீர் குடிக்கத்தான் போகிறார்கள். எட்டு வீட்டுக்கு ஒரு குழாய் இணைப்பும் ஒரு பாதாளச் சாக்கடை இணைப்பும் கொடுப்பதா, எட்டு மைலுக்கு அப்பால் எட்டு வீட்டுக்குத் தனித்தனியாகக் குழாய் இழுப்பதா? எது மலிவு என்பது சர்வே படித்த நமக்குத் தெரியும். எங்கள் இப்போதைய வீட்டில் போர் தண்ணீரும் செப்டிக் டேங்கும்தான். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்து பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. அதே சமயம், பழைய தெருக்களில் பழைய குழாயை அப்படியே விட்டுவிட்டு மாடி மட்டும் ஏற்றிக்கொண்டே போவதை நானும் எதிர்க்கிறேன். கூடுதல் எஃப்.எஸ்.ஐ.க்கு வாங்குகிற கட்டணம் அந்தத் தெருவின் குழாய்க்குத் திரும்பி வர வேண்டும். 2003-ல் கட்டாயமான மழைநீர் சேகரிப்பு, வரைபடத்தில் மட்டும் இருந்தால் போதாது.

இரண்டாவது, காற்று, வெளிச்சம், பாதுகாப்பு. திருவல்லிக்கேணிக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் போய்ப் பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், பக்க இடைவெளியே கிடையாது. விதிப் புத்தகத்திலேயே தொடர் கட்டடப் பகுதி என்று அதற்குத் தனி இடம் இருக்கிறது. அந்தக் காலத்து மேஸ்திரி நடுவில் முற்றம் விட்டுக் காற்றை வரவழைத்தார். அந்த அறிவு நம்மிடம் ஏற்கெனவே உண்டு. பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். அதில் பெரும்பாலோர் எங்கள் அப்பா அம்மா மாதிரி கட்டட வேலைக்கு வந்தவர்கள். நெருக்கமாகக் கட்டலாம், அவசரமாகக் கட்டக் கூடாது. மண் பரிசோதனைக்குச் செலவாகும் காசை மிச்சம் பிடிக்கிறவன் எஞ்சினியரே கிடையாது.

மூன்றாவதாக ஒரு நண்பன் கேட்டான்: "சின்னச் சின்ன வீடா கட்டினா கொஞ்ச நாள்ல அது ஸ்லம் ஆயிடாதா?" இந்தக் கேள்விதான் என்னைக் கொஞ்சம் சுட்டது. குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுப்பதுதான் முக்கிய வேலையாக இருந்தது. நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில் அப்படித்தான் கட்டினார்கள். கடலுக்குப் போகிறவர்கள் கடல் ஓரத்திலேயே இருந்தார்கள். அந்தக் கட்டடங்கள் பிறகு பழுதானது பராமரிப்பு இல்லாததால். வீடு சின்னதாக இருந்ததால் இல்லை. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று 2021-ல் பெயர் மாறிய அதே வாரியம், பழுதான பழைய குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் திரும்பவும் கட்டி வருகிறது. அது நல்ல வழி. அந்த வழியைத் தனியார் மனைக்கும் கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் கட்சி.

நான் கேட்பது என்ன?

ஒன்று. இன்று காசு கட்டினால் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. வாங்கிக்கொள்ளலாம். பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. என்று பெயர். பழைய ஒண்டுக்குடித்தன வீட்டை இடித்துக் கட்டுகிறவர், 500 சதுர அடிக்குக் கீழே நாலைந்து வீடு கட்டி, இருந்தவர்களுக்கே நியாயமான வாடகைக்குக் கொடுக்கச் சம்மதித்தால், அந்தக் கூடுதல் பரப்பைக் காசில்லாமல் கொடுங்கள். பில்டருக்கும் நஷ்டம் இல்லை, வீட்டுக்காரருக்கும் நஷ்டம் இல்லை.

இரண்டு. பழைய ஃபிளாட்டுகளை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் போதும் என்கிற புதிய அடுக்குமாடிச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது. இனிமேல் ஊருக்குள் இடிப்பதும் கட்டுவதும் வேகமாக நடக்கும். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் அந்தப் பேச்சில் ஒரு நாற்காலி போடுங்கள். திரும்பி வரும் உரிமை, இல்லாவிட்டால் அட்வான்ஸுக்காவது ஒரு தொகை.

மூன்று. ஒரு கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும்போது மாடியை எண்ணுகிறார்கள், காரை எண்ணுகிறார்கள், மரத்தைக்கூட எண்ணுகிறார்கள். முன்பு அங்கே எத்தனை குடும்பம் இருந்தது, இனி எத்தனை குடும்பம் இருக்கும் என்று ஒரு வரி அந்த விண்ணப்பத்தில் சேருங்கள். இது ஒன்றைச் செய்தாலே எங்கே நெருக்கம் கூடுகிறது, எங்கே கட்டடம் மட்டும் கூடுகிறது என்பது வெட்ட வெளிச்சமாகிவிடும்.

இதெல்லாம் கோட்டைக்கு வைக்கிற கோரிக்கை. நம்மால் என்ன முடியும்? நமது பேரவைக்கு ஒரு யோசனை சொல்கிறேன். வருடா வருடம் என்.எஸ்.எஸ். முகாமில் மரக்கன்று நடுகிறோம், நல்லது. இந்த வருடம் கூடவே இரண்டு நாள், நம் பாலிடெக்னிக்கைச் சுற்றி அரை மைலுக்குள் பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் காலி மனைகளையும் இடிக்கப்போகும் போர்ஷன்களையும் எண்ணிக் குறித்து ஒரு வரைபடம் போடுவோம். சிவில்காரன் டேப் பிடிக்கட்டும், கம்ப்யூட்டர்காரன் பட்டியல் போடட்டும், மெக்கானிக்கலும் எலெக்ட்ரிக்கலும் வீடு வீடாகக் கேட்டு வரட்டும். அந்தத் தாளைக் கவுன்சிலரிடம் கொடுப்போம். அவர் என்ன செய்கிறார் என்பதை அடுத்த வருட மலரில் ஜூனியர்கள் எழுதட்டும்.

என் சக சிவில் நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இன்னும் சில மாதத்தில் நாம் வெளியே போகிறோம். நம்மில் பாதிப் பேர் ஏதோ ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பிளான் போடுவோம், மீதிப் பேர் சைட்டில் சூப்பர்வைசராக நிற்போம். மாடிக்கு ஒரு வீடு என்று போடச் சொல்வார்கள். போடத்தான் வேண்டும், சம்பளம் வாங்குகிறோமே! ஆனால் பக்கத்திலேயே மாடிக்கு இரண்டு வீடு என்று இன்னொரு பிளானும் போட்டு வைத்து, "ஸார், இப்படியும் கட்டலாம்" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். பத்துப் பேரில் ஒருவர் கேட்டால்கூட நாலு குடும்பம் தப்பிக்கும்.

நான் போட்ட பிளான் இன்னும் என் ஃபைலில் இருக்கிறது. ஒரு நாள் அப்பாவிடம் காட்டினேன். அவருக்குத் தலைப்பைப் படிக்கத் தெரியாது, ஆனால் பிளானைப் படிக்கத் தெரியும். விரலால் சுவர் சுவராகத் தொட்டுக்கொண்டே போனார். இரண்டாவது மாடியில், தென்கிழக்கு மூலை வீட்டில் விரல் நின்றது.

"இது யாருக்கு?" என்றார்.

"நமக்குத்தாம்பா" என்றேன்.

"சமையக்கட்டு ஜன்னலை ஒரு அடி தள்ளிப் போடு. அம்மாவுக்கு வெளிச்சம் வரும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். ஐந்தரை மணி வண்டிக்கு நேரமாகிவிட்டது.

நான் ஜன்னலைத் தள்ளிப் போட்டுவிட்டேன்.